டி5-ல் இல்லாத சிப்பாய்

முதல் ரிவியூ அன்னைக்கு எங்க கைடு மேடம் என்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இந்த பான் ஹேஷ் கீயில, இப்போ யார் ஆடணும்ங்கிறதைச் சேர்க்கலையே, ஏன்?"

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஸ்கிரீன் என்னைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற என் டீம்மேட் சீலிங் ஃபேனைப் பார்த்தான். பதில் எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. காரணம் ரொம்ப சிம்பிள். அந்த நாப்பது வரியும் நாங்க எழுதினது கிடையாது. ஒரு ஓப்பன் சோர்ஸ் செஸ் ப்ரோக்ராமில் இருந்து எடுத்து, வேரியபிள் பேரை மட்டும் மாத்தி வச்சிருந்தோம். ஓடுச்சு. ஓடுறதை எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டோம்.

மேடம் திட்டலை. நோட்டில் ஏதோ எழுதிட்டு, "அடுத்த ரிவியூவுக்கு இந்த ஒரு ஃபைலை மட்டும் நீங்களே எழுதிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. திட்டியிருந்தா கூட அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

நடுவில் பத்து நாள் லீவு இருந்தது. வீட்டுக்குப் போனா தம்பியோட ரிமோட்டுக்குச் சண்டை போட்டே காலம் போயிடும்னு, மதுரை கே.கே. நகரில் இருக்கிற தாத்தா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். மாட்டுத்தாவணியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம். அம்மாச்சி போன வருஷம் தவறிட்டாங்க. தாத்தா தனியாத்தான் இருக்கார். பஸ் டிப்போவில் டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஒரு நடை, சாயங்காலம் பார்க்கில் செஸ். அவ்வளவுதான் அவர் டைம்டேபிள்.

போன அன்னைக்கே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். ரெண்டு பெரியவங்க ஆடிக்கிட்டு இருந்தாங்க. தாத்தா ஒரு பத்து செகண்ட் போர்டைப் பார்த்துட்டு, என் காதுகிட்ட வந்து, "கறுப்பு தோத்துரும்யா"ன்னார். ராணி, யானை எல்லாம் ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி இருந்தது. எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டேன்.

"குதிரை பொழுதன்னைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். அதைப் பார்த்துக்கிட்டு இருந்தா தலை சுத்திரும். சிப்பாய் எங்க நிக்கிதுன்னு முதல்ல பாரு. அதுதான் மெதுவா மாறும். முன்ன வச்சா பின்ன வராது."

கறுப்பு தோத்தது. நாங்க வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைச்சது: எங்க ப்ராஜெக்டில் நான் காப்பி அடிச்ச அந்த நாப்பது வரி செய்றதும் இதே வேலைதான்.

கொஞ்சம் விளக்கிடுறேன். சி.எஸ். இல்லாதவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க.

செஸ் ப்ரோக்ராம் ஒரு நகர்த்தல் யோசிக்கிறதுக்குள்ள லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்குது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண் போடணும். அதில் சிப்பாய்களைக் கணக்குப் பார்க்கிறதுதான் இழுத்தடிக்கிற வேலை. ஒரே வரிசையில் ரெண்டு சிப்பாய் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிக்குதா? பக்கத்து வரிசையில் துணையே இல்லாம தனியா ஒண்ணு நிக்குதா? எதிராளி சிப்பாய் எதுவும் மறிக்க முடியாம நேரா ராணியாகப் போற சிப்பாய் இருக்கா? இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து பார்க்கணும். ஆனா தாத்தா சொன்ன மாதிரி, குதிரையும் யானையும் பிஷப்பும் ஓடுற நேரமெல்லாம் சிப்பாய்கள் இருந்த இடத்திலேயே இருக்கு. அப்போ ஒரு சிப்பாய் அமைப்புக்கு ஒரு தடவை கணக்குப் போட்டு எழுதி வச்சுக்கிட்டா, அதே அமைப்பு திரும்ப வரும்போது பார்த்து எழுதிடலாம் இல்லையா? அந்தப் பட்டியலில் தேடுறதுக்கு ஒரு அடையாள எண் வேணும். அதுதான் பான் ஹேஷ் கீ.

அந்த எண்ணை எப்படி உருவாக்குறதுன்னு நானே யோசிச்சுப் பார்க்கணும்னு ஒரு வீம்பு. முதல் நாள் ராத்திரி எனக்குத் தோணின ஐடியா: எட்டு வரிசை இருக்கு, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை சிப்பாய்னு எண்ணி, வெள்ளைக்கு எட்டு இலக்கம், கறுப்புக்கு எட்டு இலக்கம். செம ஐடியான்னு நினைச்சேன். காலையில் பல் தேய்க்கும்போது செத்துப்போச்சு. ராணியாக ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கிற சிப்பாயும், இன்னும் வீட்டை விட்டே கிளம்பாத சிப்பாயும் இந்தக் கணக்கில் ஒண்ணு! எந்த வரிசைங்கிறது மட்டும் போதாது, எவ்வளவு தூரம் வந்திருக்குங்கிறதும் வேணும்.

சரியான வழியை 1970-லேயே ஒருத்தர் சொல்லிட்டார். பேரு ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு டெக்னிக்கல் ரிப்போர்ட். அவர் முறை இதுதான்: ஒவ்வொரு காயும் ஒவ்வொரு கட்டமும் சேர்ந்த ஜோடிக்கு ஒரு ரேண்டம் எண் கொடுத்துடு. போர்டில் இருக்கிற காய்களோட எண்களை எல்லாம் எக்ஸ்-ஆர் பண்ணு. வர்றதுதான் கீ. முழு போர்டுக்கு 12 வகைக் காய், 64 கட்டம், மொத்தம் 768 எண்கள். யார் முறை, கேஸ்லிங் உரிமை, ஆன் பாசான் இதுக்கெல்லாம் இன்னும் கொஞ்சம். சிப்பாய் கீக்கு அவ்வளவு தேவையில்லை. சிப்பாய் முதல் வரியிலும் நிக்காது, கடைசி வரியிலும் நிக்காது. பாக்கி 48 கட்டம், ரெண்டு நிறம். 96 எண்கள் போதும்.

எக்ஸ்-ஆரில் என்ன விசேஷம்னா, ஒரே எண்ணை ரெண்டு தடவை போட்டா அது காணாமப் போயிடும். 5-ஐயும் 3-ஐயும் எக்ஸ்-ஆர் பண்ணினா 6. அந்த 6-ஐ மறுபடி 3-ஓட பண்ணினா 5 திரும்பி வந்துடும். அதனால் இ2-ல் இருக்கிற சிப்பாய் இ4-க்குப் போனா, கீயை மொத்தமா திரும்பக் கட்ட வேண்டாம். இ2 எண்ணை ஒரு தடவை போட்டா பழைய இடத்தில் இருந்து அழிஞ்சிடும். இ4 எண்ணைப் போட்டா புது இடத்தில் வந்துடும். ரெண்டே ஆபரேஷன். குதிரை நகர்ந்தா? ஒண்ணுமே செய்ய வேண்டாம். அதுதான் இந்தக் கீயோட அழகே.

மேடம் கேட்ட கேள்விக்குப் பதிலும் இப்போ தானா வந்தது. ஒரு சிப்பாய் தனியா நிக்குதாங்கிறது, யார் ஆடப் போறாங்கங்கிறதைப் பொறுத்து மாறாது. முறையைக் கீயில் சேர்த்தா ஒரே அமைப்பு பட்டியலில் ரெண்டு பேரில் ஏறும். ஒரே கணக்கை ரெண்டு தடவை போடுவோம். நம்பாம நான் சேர்த்துப் பார்த்தேன். பட்டியலில் கிடைக்காமப் போற தடவைகள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. ஒரு கீயில் எதைச் சேர்க்கணும்ங்கிறதை விட, எதைச் சேர்க்கக் கூடாதுங்கிறதுதான் டிசைன்னு அப்போதான் புரிஞ்சது.

ராஜாவையும் அதே மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. ராஜா முன்னாடி சிப்பாய் அரண் இருக்காங்கிறது ராஜா நிக்கிற இடத்தைப் பொறுத்தது. அவரைக் கீயில் சேர்த்தா அவர் ஒரு கட்டம் நகர்ந்தாலே பழைய கணக்கெல்லாம் வீண். அதனால் சிப்பாய்க் கணக்கைத் தனியா வச்சுக்கிட்டு, அரண் கணக்கை மட்டும் ராஜா எந்தக் கட்டத்தில் இருந்தார்ங்கிற குறிப்போட பக்கத்தில் எழுதி வச்சேன். ராஜா நகர்ந்திருந்தா அதை மட்டும் திரும்பப் போட்டா போதும்.

இதெல்லாம் புரிஞ்ச தெம்பில் எழுதினேன். எழுதினதில் வரிசையா பல்பு வாங்கினேன்.

முதல் பல்பு, ரேண்டம் எண்கள். 64 பிட் எண் வேணும். நான் சி-யில் வர்ற சாதாரண ராண்ட் ஃபங்ஷனை அப்படியே கூப்பிட்டேன். தாத்தா வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அது தர்றது 0-ல் இருந்து 32767 வரைக்கும்தான். வெறும் 15 பிட். பதினஞ்சு பிட் எண்களை எத்தனை தடவை எக்ஸ்-ஆர் பண்ணினாலும் பதினஞ்சு பிட்தான் வரும். பெட்டி 64 பிட், உள்ளே சரக்கு 15 பிட். ப்ராபபிலிட்டி க்ளாஸில் பிறந்தநாள் கணக்கு ஞாபகம் இருக்கா? 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர்ற வாய்ப்பு பாதிக்கு மேல. அதே கணக்குப்படி 32768 எண்களுக்குள்ள 213 சிப்பாய் அமைப்பு வந்தாலே ரெண்டு அமைப்புக்கு ஒரே கீ விழ பாதி வாய்ப்பு. என் ப்ரோக்ராம் ஒரு நகர்த்தலுக்கே அதைவிட நிறைய பார்க்கும். உண்மையிலேயே 64 பிட்டா இருந்தா ஒரு லட்சம் அமைப்பு வந்தாலும் அப்படி நடக்கிற வாய்ப்பு நூறு கோடியில் ஒண்ணு கூட இல்லை. கட்டத்துக்குக் கட்டம் இரட்டிச்சு தானியம் கேட்ட கதை தெரியுமில்ல? அந்த மொத்தத்தோட ஒரு மணி கூட்டினா வர்றதுதான் 64 பிட்டில் இருக்கிற எண்களோட எண்ணிக்கை. அவ்வளவு பெரிய களஞ்சியத்தை வச்சுக்கிட்டு நான் ஒரு படி நெல்லை அளந்துக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது பல்பு, பூஜ்யம். போர்டில் சிப்பாயே இல்லைன்னா கீ 0. பட்டியலில் இன்னும் எழுதாத காலி இடத்திலும் 0. ப்ரோக்ராம் காலி இடத்தைப் பார்த்து 'ஆகா, இது ஏற்கெனவே கணக்குப் போட்டது'ன்னு எடுத்துக்கும். அந்த இடத்தில் திறந்த வரிசை எத்தனைன்னா 0. ஆனா சிப்பாயே இல்லாத போர்டில் எட்டு வரிசையும் திறந்துதான் கிடக்கு! யானைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பெண் மொத்தமும் போச்சு. கீயை 0-ல் ஆரம்பிக்காம ஏதோ ஒரு நிலையான ரேண்டம் எண்ணில் ஆரம்பிச்சா சரியாயிடும்.

மூணாவதை நான் கண்டுபிடிக்கலை. தாத்தா கண்டுபிடிச்சார்.

தாத்தா சின்ன வயசில் கத்துக்கிட்டது நம்ம ஊர் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவையும் ஒரே கட்டம்தான் நகரும். ரெண்டு கட்டம் தாவுற வழக்கமே இல்லை. அதனால் ஆன் பாசானும் இல்லை. தெரியாதவங்களுக்கு: எதிராளி சிப்பாய் ரெண்டு கட்டம் தாவி உங்க சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்னா, அது ஒரு கட்டம்தான் வந்த மாதிரி பாவிச்சு, அடுத்த நகர்த்தலிலேயே குறுக்கே போய் வெட்டலாம். தாத்தாவுக்கு இந்த விதியை டிப்போவில் யாரோ சொல்லிக் கொடுத்தப்போ அவருக்கு நாப்பது வயசு தாண்டிடுச்சாம். அதில் இருந்து அவருக்கு அது ஒரு செல்லப் பிள்ளை மாதிரி. வாய்ப்புக் கிடைச்சா போதும், நல்ல நகர்த்தலோ கெட்ட நகர்த்தலோ, ஆன் பாசான் அடிச்சுட்டுத்தான் மறுவேலை.

எட்டாவது நாள் சாயங்காலம் அவரை என் ப்ரோக்ராமோட ஆட விட்டேன். அவர் வெள்ளை. அவரோட சிப்பாய் இ5-ல் இருக்கு. ப்ரோக்ராம் டி7-ல் இருந்து டி5-க்குத் தாவுச்சு. தாத்தா முகத்தைப் பார்க்கணுமே! இ5 சிப்பாயை டி6-ல் வச்சு, டி5 சிப்பாயை வெட்டினார். இப்போ ப்ரோக்ராம் சி7 சிப்பாயால் டி6-ஐத் திரும்ப வெட்டணும். சின்னப் பையன் கூட அதைத்தான் ஆடுவான். அது ராணியை எடுத்துட்டு வந்து வெட்டுச்சு. தாத்தா பிஷப்பை எஃப்4-ல் வச்சு ராணியை விரட்ட ஆரம்பிச்சார்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏன் அந்த மதிப்பெண்ணுன்னு ஸ்கிரீன் ஓரத்தில் காட்டுற மாதிரி எழுதியிருந்தேன். தாத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டுப் படிச்சார்.

"ஏன்யா, சி சிப்பாயால வெட்டினா டி வரிசையில ரெட்டைச் சிப்பாய் ஆயிரும்னு போட்டிருக்கு. டி6-ல ஒண்ணுதானே வரும்? இன்னொண்ணு எங்க?"

"தெரியலை தாத்தா."

"நான்தான் டி5-ல இருந்ததை வெட்டிட்டேனே. அது இன்னும் அங்கேயே நிக்கிதுன்னு நினைக்குதோ?"

அதேதான். ஆன் பாசானில் மட்டும், வெட்டப்படுற சிப்பாய் நாம போய் நிக்கிற கட்டத்தில் இருக்காது, பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். போர்டில் இருந்து அதை எடுத்துட்டேன். சிப்பாய் கீயில் இருந்து எடுக்க மறந்துட்டேன். கீயைப் பொறுத்தவரை டி5-ல் சிப்பாய் இன்னும் உயிரோட இருக்கு.

இதை விட சுவாரசியம், இந்தத் தப்பு ஏன் இத்தனை நாள் மாட்டலைங்கிறது. ஒரு சிப்பாயோட எண் கீயில் கூடுதலா ஒட்டிக்கிட்டா, அதுக்கப்புறம் வர்ற எல்லா அமைப்போட கீயும் ஒரே அளவில் தள்ளிப் போகும். தள்ளிப் போனாலும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. பட்டியலில் கிடைக்காது, புதுசா கணக்குப் போடும், சரியான விடையே வரும். டி5 சிப்பாய் நிஜமாவே உயிரோட இருந்த அமைப்பு பட்டியலில் இருந்தாத்தான் மாட்டும். அன்னைக்கு இருந்தது. டி5-க்குத் தாவுறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் இப்படி ஒரு வழியையும் யோசிச்சிருக்கு: 'நான் டி5 வைக்கிறேன், அவர் வெட்டலை, நான் பிஷப்பை டி6-ல் வைக்கிறேன், அவர் இ5 சிப்பாயால் பிஷப்பை வெட்டுறார், நான் சி சிப்பாயால் திரும்ப வெட்டுறேன்.' அந்த வழியில் டி5, டி6 ரெண்டிலும் நிஜமாவே சிப்பாய் இருக்கு. ரெட்டைச் சிப்பாய்னு எழுதி வச்சிருந்தது. என் தப்பான கீ நேரா அந்தப் பக்கத்தைத் திறந்து படிச்சுடுச்சு.

ஒரு வரி சேர்த்தேன். கூடவே ஒரு சோதனையும்: ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் போர்டைப் பார்த்து கீயை முதலில் இருந்து கட்டு, கையில் இருக்கிற கீயோட ஒப்பிடு, வித்தியாசம் இருந்தா அங்கேயே நில்லு. சோதிக்கும்போது மட்டும் ஓடட்டும், அப்புறம் அணைச்சுக்கலாம். முதல் நாளே இதை எழுதியிருக்கணும். ஓட விட்டதும் இன்னொரு தப்பும் மாட்டுச்சு. சிப்பாய் ராணியாகும்போது, கீயில் கடைசிக்கு முந்தின கட்டத்திலேயே நின்னுக்கிட்டு இருந்தது.

தாத்தாகிட்ட விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு சிரிச்சார்.

"போனதைக் கணக்குல இருந்து எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லய்யா. நான் இன்னும் ரெண்டு பேருக்குத்தான் பால் வாங்கிட்டு இருக்கேன்."

ஃப்ரிட்ஜில் எப்பவும் ஒரு பாக்கெட் கூடுதலா கிடக்கிறதை நான் வந்த நாளில் இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன்னு கேட்கத் தோணலை. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் அந்தப் பாலில் காப்பி போட்டுக் குடிச்சிட்டு, இன்னொரு ஆட்டம் ஆடினோம். இந்தத் தடவை ப்ரோக்ராம் ஜெயிச்சது. தாத்தா ஒத்துக்கலை.

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் என் டீம்மேட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "மாப்ள, இதெல்லாம் பழைய டெக்னாலஜிடா. இப்போ யாரும் சிப்பாய் எண்ணிக்கிட்டு இருக்கிறது இல்லை." பாதி உண்மை. 2020-ல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, போர்டை எடை போட ஒரு நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டு வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த 16.1-ல் மனுஷங்க கையால் எழுதின கணக்கு மொத்தமா போயிடுச்சு. ரெட்டைச் சிப்பாய்க்கு இவ்வளவு கழிக்கணும், தனிச் சிப்பாய்க்கு இவ்வளவு கழிக்கணும்னு எழுதின வரிகள் எதுவும் இப்போ இல்லை. அந்தப் பட்டியலும் இல்லை.

ஆனா கீ போகலை. அதுக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. நெட்வொர்க் ஒரு மதிப்பெண் போடுது. ஆழமா தேடிப் பார்த்தா அது கொஞ்சம் தப்புன்னு தெரிய வருது. எந்தச் சிப்பாய் அமைப்பில் எவ்வளவு தப்பினோம்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அதே அமைப்பு அடுத்த தடவை வரும்போது அந்த அளவுக்குத் திருத்திக்கிறாங்க. அந்தக் குறிப்பைத் தேடிப் பிடிக்க அதே சிப்பாய் கீதான். முன்னாடி விடையை ஞாபகம் வச்சுக்கிட்டது, இப்போ தன் தப்பை ஞாபகம் வச்சுக்குது. நெட்வொர்க்கே வந்தாலும், நிலைமையோட குணத்தைச் சொல்றது மெதுவா மாறுற அந்தச் சிப்பாய்கள்தான்னு பார்க்கில் தாத்தா சொன்னது அப்படியேதான் இருக்கு.

ரெண்டாவது ரிவியூ. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி முதலில் ஒண்ணைச் சொல்லிடணும்னு முடிவு பண்ணியிருந்தேன். "மேடம், போன தடவை காட்டினது காப்பி அடிச்சது."

"தெரியும். அந்த ஒரிஜினல்ல இருந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கும் உங்க கமெண்ட்ல அப்படியே இருந்துச்சு"ன்னாங்க.

பக்கத்தில் டீம்மேட் மறுபடி சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

அப்புறம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாங்க. சொன்னேன். ஆன் பாசானில் கீ எப்படி மாறும்னு கேட்டாங்க. மூணு எக்ஸ்-ஆர் மேடம், கிளம்பின கட்டம், போய்ச் சேர்ந்த கட்டம், பக்கத்துக் கட்டத்தில் செத்த சிப்பாய்னு சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குப் போர்டு தெரியலை, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஸ்கிரீனைப் படிச்ச தாத்தாதான் தெரிஞ்சார். முதல் ரிவியூ மார்க் மாறலை. மாத்தச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் எடுக்கப் போற தம்பி, தங்கைகளுக்கு ஒண்ணே ஒண்ணு. மத்தவங்க கோடைப் படிங்க, தப்பே இல்லை. நானும் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன். ஆனா எடுத்து ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியிலும் விரலை வச்சு, 'இது ஏன் இருக்கு'ன்னு மட்டும் இல்லாம, 'அது ஏன் இல்லை'ன்னும் கேளுங்க. எனக்கு மேடம் கேட்ட கேள்வி ரெண்டாவது வகை.

போன வாரம் தாத்தாவுக்கு போன் பண்ணினேன். இப்போ ஒரு பாக்கெட் பால்தான் வாங்குறாராம். நான் வர்ற அன்னைக்கு மட்டும் ரெண்டு.